ஏலாக்குறிச்சிச் சண்டையும் தரங்கம்பாடி அச்சகமும்

"நம்ம பக்கத்து வரலாறு ஏதாவது எழுதிக் குடுங்க சார்" என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். கங்கைகொண்ட சோழபுரத்தைப் பற்றி எழுத ஆட்கள் இருக்கிறார்கள். அரியலூர்ப் பாறைகளில் கிடைக்கும் கடல் கிளிஞ்சல்களைப் பற்றிப் புவியியல் துறை நண்பர்கள் எழுதாமல் விடமாட்டார்கள். அதனால் யாரும் தொடாத ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன். நம் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் கிறிஸ்தவச் சபைகள் பல உண்டு. கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே என்று பெயர்ப் பலகைகள் தனித்தனி. இவர்கள் டிசம்பரில் ஒரே மேடையில் ஐக்கியக் கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறார்கள். ஜனவரியில், பொங்கல் முடிந்த கையோடு, 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒன்றிப்பு வாரம் வருகிறது. மார்ச் முதல் வெள்ளியன்று பெண்கள் சபை பார்க்காமல் கூடி ஜெபிக்கிற உலக ஜெப நாள். இன்றைக்கு இதெல்லாம் சாதாரணம். ஆனால் இந்தச் சபைகள் ஒன்றையொன்று திட்டி நூல் எழுதிய காலம் ஒன்று இருந்தது. அதில் முக்கியமான நூல்களோடு சேர்த்துப் பேசப்படும் ஊர் நம்ம ஊர்தான். ஆம், கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள ஏலாக்குறிச்சி!

ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா கோயிலைத் தெரியாதவர் நம் பழைய மாணவர்களில் குறைவு. திருவிழாவுக்குத் திருமானூர் வழியாக பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனவர்களில் பாதிப் பேர் இந்துக்கள். கோயிலை எழுப்பியவர் வீரமாமுனிவர். கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி என்ற இத்தாலியர், 1680ல் பிறந்தவர், சேசு சபைத் துறவி, 1710ல் இந்தியா வந்தவர். ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயர் வைத்து, அந்தப் பெயரிலேயே ஒரு கலம்பகமும் பாடினார். அரியலூர் மழவராயர் ஒருவருக்கு வந்த ராஜபிளவை மாதாவின் அருளால் குணமானது, அதற்கு நன்றியாக அவர் கோயிலுக்கு நிலம் கொடுத்தார் என்று ஊரில் சொல்லுவாங்க. தேம்பாவணி, சதுரகராதி என்று அவர் செய்த பணிகளைத் தமிழ்த்துறையில் நமக்குக் கரைத்துப் புகட்டியிருக்கிறார்கள். எழுத்துச் சீர்திருத்தமும் பரமார்த்த குருவும் பள்ளிக்கூடத்திலேயே வந்துவிடும்.

ஆனால் பாடப்புத்தகத்தில் வராத வீரமாமுனிவர் ஒருவர் இருக்கிறார். வேத விளக்கம், பேதகம் மறுத்தல், லுத்தேரினத்தியல்பு என்ற நூல்களை எழுதிய சண்டைக்கார வீரமாமுனிவர். இந்த நூல்கள் யாரை எதிர்த்து? தரங்கம்பாடி லுத்தரன் மிஷனரிகளை.

ஆறு ஓடுகிற திசையில் கிழக்கே போய்க் கடற்கரையைப் பிடித்தால் தரங்கம்பாடி. டென்மார்க் அரசரின் கோட்டை அங்கே. 1706 ஜூலை 9ஆம் தேதி சீகன்பால்கு வந்து இறங்கினார். தமிழ் படித்தார், அச்சகம் அமைத்தார், 1715க்குள் புதிய ஏற்பாடு முழுவதையும் தமிழில் அச்சிட்டு முடித்தார். அவர் இறந்தது 1719ல், அப்போது வயது 36. அச்சுப் புத்தகத்துக்குக் கால் முளைத்தது. தஞ்சாவூர் அரசரின் படையில் இருந்த ராஜநாயக்கன் என்ற கத்தோலிக்கர் கையில் தரங்கம்பாடியில் அச்சான சுவிசேஷம் ஒன்று கிடைத்தது. படித்தார், 1720களில் லுத்தரன் பக்கம் சேர்ந்தார். கத்தோலிக்கர்களிடமிருந்து கடுமையான எதிர்ப்பு வந்தது. தஞ்சைச் சீமையில் இப்படி ஆட்கள் நகர ஆரம்பித்ததும் ஏலாக்குறிச்சிக்காரருக்குக் கோபம் வராமல் இருக்குமா?

சண்டை வெறும் மதச் சண்டையாக இருந்திருந்தால் இன்று நமக்கு அதில் சுவாரசியம் இல்லை. அது தமிழ்ச் சண்டையாகவும் இருந்தது. தரங்கம்பாடியார் எழுதுவது தமிழே அல்ல, பாமரக் கொச்சை, இதை வேதமென்று எப்படிக் கையில் எடுப்பது என்பது வீரமாமுனிவரின் கேலி. எங்களுக்குப் புலவர் வேண்டாம், ஏழைக்குப் புரிந்தால் போதும் என்பது அவர்களின் நிலை. கத்தோலிக்கர் வாயில் லுத்தரன்கள் 'பதிதர்' ஆனார்கள். லுத்தரன் வாயில் கத்தோலிக்கர் 'பாப்பு மார்க்கத்தார்' ஆனார்கள். இந்த இரண்டு வார்த்தைகளையும் வயதானவர்கள் சொல்லி நானே காதால் கேட்டிருக்கிறேன். இருநூறு வருஷத்துக்கு மேல் ஓடிய வார்த்தைகள் அவை.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். வீரமாமுனிவர் கொடுந்தமிழுக்கு, அதாவது வழக்குத் தமிழுக்கு, லத்தீன் மொழியில் ஓர் இலக்கணம் எழுதினார். புதிதாக வரும் ஐரோப்பியத் துறவிகள் மக்களோடு பேசப் பழகவேண்டும் என்பதற்காக எழுதியது. இந்த நூல் முதன்முதலில் எங்கே அச்சானது தெரியுமா? புதுச்சேரியில் அல்ல, ரோமாபுரியில் அல்ல. 1738ல், தரங்கம்பாடியில், லுத்தரன் மிஷன் அச்சகத்தில்! அவர் யாரைக் கேலி செய்தாரோ அவர்களே எழுத்துக் கோத்து, மை தடவி, தங்கள் காகிதத்தில் அச்சடித்தார்கள். அப்போது வீரமாமுனிவர் உயிரோடுதான் இருந்தார். அந்த மிஷனைச் சேர்ந்த வால்தர் என்பவர் அதற்குத் துணையாகத் தம் குறிப்புகளையும் 1739ல் வெளியிட்டார்.

ஏன் செய்தார்கள்? அன்பினால் என்று நான் சொல்லமாட்டேன். அதைவிட நல்ல இலக்கணம் அவர்களிடம் இல்லை, அவ்வளவுதான். ஆனாலும் எதிரியின் புத்தகத்தை எதிரியின் பெயரோடு அச்சிட ஒரு நேர்மை வேண்டியிருக்கிறது. என் கணக்கில் நம் பக்கத்துச் சபைகள் சேர்ந்து செய்த முதல் வேலை இதுதான். சேர்ந்து செய்கிறோம் என்று இரு தரப்புமே ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

இதற்கு முன்பே இன்னொன்றும் நடந்திருக்கிறது. சீகன்பால்கு தாம் சேகரித்த தமிழ்ச் சுவடிகளுக்கு 1708ல் ஒரு பட்டியல் தயாரித்தார். அதில் கத்தோலிக்கர் எழுதிய தமிழ் நூல்களும் இருக்கின்றன. கிறிஸ்தவச் சங்கதிகளைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதை அவர் அந்த ஓலைகளிலிருந்துதான் பழகினார். கடவுளுக்கு அவர் எடுத்துக்கொண்ட சொல்லே கத்தோலிக்கர் வழங்கிய 'சர்வேசுரன்'தான். ஆக, சண்டை ஆரம்பிக்கும் முன்பே சொல் கடன் வாங்கியாகிவிட்டது.

பிறகு என்ன ஆயிற்று? சொற்கள் பிரிந்துகொண்டே போயின. லுத்தரன் அறிஞர் பெப்ரிசியுஸ் 18ஆம் நூற்றாண்டில் 'பராபரன்' என்றார். 1871ல் வெளிவந்த பவர் ஐயரின் மொழிபெயர்ப்பு 'தேவன்' என்றது. பல மிஷன்களின் ஒத்துழைப்போடு வந்ததால் அதற்கு ஐக்கிய மொழிபெயர்ப்பு என்றே பெயர். அப்படியும் லுத்தரன் சபையார் தங்கள் பெப்ரிசியுஸை விட்டுக்கொடுக்காமல் வெகுகாலம் வைத்திருந்தார்கள். கத்தோலிக்கர் சர்வேசுரனிலேயே நின்றார்கள். ஒரே அப்போஸ்தலர் அங்கே பேதுரு, இங்கே இராயப்பர். அங்கே பவுல், இங்கே சின்னப்பர். அங்கே யோவான், இங்கே அருளப்பர். நம் மாவட்டத்தில் ஒருவர் பெயர் சின்னப்பன் என்றால் அவர் எந்தக் கோயிலுக்குப் போகிறவர் என்று கேட்கவே வேண்டாம். வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போதே தெரிந்துவிடும்.

இதில் எங்கள் ஹாஸ்டல் கதை ஒன்று. அரைப்பரீட்சை முடிந்து ஊருக்குப் போகும் முன் கிறிஸ்துமஸ் கொண்டாட முடிவாயிற்று. வரதராசன்பேட்டை, தென்னூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கப் பையன்கள் ஒரு கூட்டம், சி.எஸ்.ஐ. பையன்கள் நாலைந்து பேர், லுத்தரன் ஒருவன். கேக் வாங்கக் காசு சேர்ந்துவிட்டது, ஸ்டாரும் கட்டியாகிவிட்டது. ஆரம்ப ஜெபத்தில் வந்தது தகராறு! இயேசு தம் சீடருக்குக் கற்றுக்கொடுத்த அந்த ஒரே ஜெபத்தை எல்லோரும் சேர்ந்து சொல்லலாம் என்றார்கள். முதல் வரியிலேயே ஒரு பக்கம் 'பிதா' என்றது, மறுபக்கம் 'தந்தை' என்றது. இரண்டாவது வரியில் ஆளுக்கொரு வேகம். மூன்றாவதில் சிரித்துவிட்டோம். "ஏண்டா, உங்க சாமி ஒண்ணுதானே?" என்று கேட்டான் என் அறைத்தோழன், துறையூர்ப் பக்கத்து ரெட்டியார் வீட்டுப் பையன். யாரும் பதில் சொல்லவில்லை. அப்புறம் வார்டன் வந்து, "பாட்டுப் பாடுங்கப்பா, பாட்டு எல்லாருக்கும் தெரியும்ல" என்று முடித்துவைத்தார். உண்மைதான். பாட்டுப் புத்தகம் எப்போதும் பைபிளைவிட எளிதாகச் சுவர் தாண்டும். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் லுத்தரன் பாதிரிமாரிடம் வளர்ந்தவர். அவருடைய கீர்த்தனைகளை சி.எஸ்.ஐ. கோயிலிலும் லுத்தரன் கோயிலிலும் ஒரே ராகத்தில்தான் பாடுகிறார்கள்.

சபைகளின் இணைப்பைப் பற்றி இன்றைய மாணவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மறுபடியும் தரங்கம்பாடிக்கே போகவேண்டும். 1919 ஜனவரி 14ல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தனித் திருச்சபையாக உருவானது. அதே ஆண்டு மே 1, 2 தேதிகளில் அதே ஊரில் 33 பேர் கூடினார்கள். ஆங்கிலிக்கன் சபையாரும் தென்னிந்திய ஐக்கிய சபையாரும். அந்த 33 பேரில் இருவர் தவிர எல்லோரும் இந்தியர்கள். முன்னின்றவர் வெள்ளாளன்விளையில் பிறந்த பிஷப் அசரியா, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். இந்தப் பிரிவினைகளை நாங்கள் உண்டாக்கவில்லை, மேல்நாட்டிலிருந்து எங்கள் தலையில் இறக்கப்பட்டவை என்பதே அவர்கள் வாதம். 28 வருஷப் பேச்சுவார்த்தை! மெதடிஸ்ட் சபையும் சேர்ந்து, 1947 செப்டம்பர் 27ல் சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. நாடு விடுதலை அடைந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. நம் மாவட்டங்களின் சி.எஸ்.ஐ. சபைகள் திருச்சி-தஞ்சைத் திருமண்டலத்தில் வருகின்றன. இதைச் சொல்லும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. சபைகள் சேர 28 வருஷம் பிடித்தது. நம்ம மாவட்டமோ 1995ல் திருச்சியிலிருந்து பிரிந்து, 2001ல் அரியலூர் தனியாகி, 2002ல் திரும்பச் சேர்ந்து, 2007ல் மறுபடியும் தனியாகிவிட்டது!

லுத்தரன் சபை அந்த இணைப்பில் சேரவில்லை. திருச்சி தரங்கைவாசத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தனியாகவே நடக்கிறது. ஆனால் 1969ல் சி.எஸ்.ஐ.யும் லுத்தரனும் தங்கள் போதகர் பயிற்சிக் கல்லூரிகளை ஒன்றாக்கி மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியை ஏற்படுத்தினார்கள். சபைகள் சேராமலே குருமார் ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டு ஒரே வகுப்பில் படித்தார்கள். கல்லூரி நட்பு என்ன செய்யும் என்று இந்த மலரைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கத்தோலிக்கர் கதை வேறு. 1899ல் புதுச்சேரியிலிருந்து பிரிந்த கும்பகோணம் மறைமாவட்டத்தில்தான் நம் பங்குகள் வருகின்றன. ஏலாக்குறிச்சி, பெரம்பலூர் பனிமய மாதா கோயில் எல்லாம் அதில் அடக்கம். 1917ல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பு, மாற்றுச் சபை வழிபாட்டில் கத்தோலிக்கர் பங்கெடுக்கக்கூடாது என்று விதித்தது. சிநேகிதன் கல்யாணத்துக்குப் போனவர்கள் கோயில் வாசலிலேயே நின்று, வெளியே வந்த மாப்பிள்ளைக்குக் கைகொடுத்துவிட்டு வந்த கதைகள் உண்டு. கதவு திறந்தது இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில். 1964 நவம்பர் 21ல் வெளிவந்த ஒன்றிப்பு பற்றிய ஏடு, பிரிந்தவர்களைப் 'பதிதர்' என்று சொல்லவில்லை, சகோதரர் என்று சொன்னது. 1968ல் பைபிளைச் சேர்ந்து மொழிபெயர்ப்பதற்கான விதிமுறைகளை வத்திக்கானும் ஐக்கிய வேதாகமச் சங்கங்களும் சேர்ந்து வெளியிட்டன.

அதன் பலன் தமிழில் 1995ல் வந்தது. திருவிவிலியம், பொது மொழிபெயர்ப்பு. கத்தோலிக்க அறிஞர்களும் சீர்திருத்தச் சபை அறிஞர்களும் வருஷக்கணக்காக ஒரே மேசையில் உட்கார்ந்து செய்தது. திண்டிவனத்திலுள்ள கத்தோலிக்க விவிலிய நடுநிலையத்துக்கு இதில் பெரும் பங்கு உண்டு. யார் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்று பாருங்கள். கத்தோலிக்கர் இராயப்பரையும் சின்னப்பரையும் அருளப்பரையும் விட்டார்கள். பேதுருவும் பவுலும் யோவானும் வந்தார்கள். மறுபக்கத்தில் 'கர்த்தர்' போய் 'ஆண்டவர்' வந்தார். 'பிதா' போய் 'தந்தை', 'தேவன்' போய்க் 'கடவுள்', 'ஞானஸ்நானம்' போய்த் 'திருமுழுக்கு'. கத்தோலிக்கர் ஏற்று சீர்திருத்தச் சபையார் ஏற்காத சில நூல்கள் உண்டு. அவற்றை 'இணைத்திருமுறை' என்று பெயரிட்டு இரண்டு ஏற்பாடுகளுக்கும் நடுவே தனியாக வைத்தார்கள். யாரும் தோற்காத ஏற்பாடு. வீரமாமுனிவர் கேட்ட நல்ல தமிழும், தரங்கம்பாடியார் கேட்ட புரிகிற தமிழும் ஒரே அட்டைக்குள் வந்தது என்றுதான் நான் பார்க்கிறேன்.

ஆனால் நடந்தது என்ன? கத்தோலிக்கர் அதைப் பலிபீடத்துக்குக் கொண்டுபோனார்கள், இன்றும் பூசையில் வாசிக்கிறார்கள். சி.எஸ்.ஐ., லுத்தரன் வீடுகளில் பெரும்பாலும் பழைய பைபிள்தான். பாட்டி மனப்பாடம் பண்ணின சங்கீதத்தை மாற்ற எந்தக் கமிட்டியால் முடியும்? அதில் எனக்குக் குறை இல்லை. ஆயினும் ஐக்கியக் கிறிஸ்துமஸ் மேடையில் இன்று வேதபாடம் வாசிக்கும்போது யாரும் முகம் சுளிப்பதில்லை, 'தந்தை' என்றாலும் 'பிதா' என்றாலும் கூட்டம் ஆமென் சொல்கிறது. 1999 அக்டோபர் 31ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கரும் லுத்தரன்களும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். மனிதன் கடவுளுக்கு முன் நீதிமான் ஆவது எப்படி என்ற பழைய வழக்கில், அடிப்படையில் நாம் ஒத்துப்போகிறோம் என்று அறிவித்தார்கள். லுத்தர் காலத்திலிருந்து நடந்துவந்த வழக்கு அது.

எல்லாம் சுபம் என்று சொல்லிவிட முடியாது. நற்கருணையில் இன்னும் கத்தோலிக்கரும் மற்றவரும் ஒரே பந்தியில் அமர்வதில்லை. சேர்ந்து ஜெபிக்கலாம், சேர்ந்து பாடலாம், அப்பம் பிட்கும் நேரம் வந்தால் அவரவர் கோயில்தான். பெந்தெகொஸ்தே சபைகளில் பல இந்த ஒன்றிப்பு வாரங்களுக்கு வருவதே இல்லை. அதைவிடப் பெரிய சங்கதி ஒன்று இருக்கிறது. இரண்டு சபைகளுக்கு நடுவில் இருக்கும் சுவரைவிட, ஒரே சபைக்குள் தெருவுக்குத் தெரு இருக்கும் சுவர் உயரம். கல்லறையில்கூடச் சாதி பார்த்த ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. இதைச் சொல்லாமல் ஒற்றுமை பற்றிக் கட்டுரை எழுதினால் நம் கல்லூரியில் என்னோடு படித்த சில நண்பர்கள் என் முகத்தில் முழிக்கமாட்டார்கள்.

சபைகள் உண்மையிலேயே தோளோடு தோள் நின்றது இங்கேதான், சலுகைப் போராட்டத்தில். 1950 ஆகஸ்ட் 10ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி, இந்துவாக இருந்தால்தான் ஒருவர் அட்டவணை சாதியில் சேருவார். 1956ல் சீக்கியருக்கும் 1990ல் பௌத்தருக்கும் அது விரிந்தது. கிறிஸ்தவர், முஸ்லிம்களுக்கு இல்லை. தமிழ்நாட்டில் கிறிஸ்தவரான ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார். ஒரே வீட்டில் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளில் ஒருவர் சர்டிபிகேட்டில் எஸ்.சி., மற்றவர் பி.சி. ஒருவருக்கு ஸ்காலர்ஷிப் ஒரு மாதிரி, மற்றவருக்கு வேறு மாதிரி. அலுவலக ஜன்னலில் அப்ளிகேஷன் நீட்டியவர்களுக்கு இது புத்தக வரலாறு இல்லை. ஆகஸ்ட் 10ஐக் கறுப்பு நாளாக அனுசரிக்கிறவர்களில் பிஷப்பும் உண்டு, ஆயரும் உண்டு, லுத்தரன் போதகரும் உண்டு. 2007ல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மத நிபந்தனையை நீக்கப் பரிந்துரைத்தது. 2022ல் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைக்கப்பட்டது. உச்ச நீதிமன்றத்தில் 2004ல் போட்ட வழக்கும் உண்டு. பிதாவா தந்தையா என்று இந்தப் பந்தலில் யாரும் கேட்டதில்லை.

இப்போது படிக்கிற வரலாற்றுத் துறை மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரதராசன்பேட்டையிலும் தென்னூரிலும் ஏலாக்குறிச்சியிலும் எண்பது வயதைத் தாண்டிய பாட்டிமார் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இயேசு 'சேசு'தான், தூய ஆவி 'இஸ்பிரீத்து சாந்து'தான். லுத்தரன் வீடுகளில் 'பராபரன்' என்று சொன்ன தாத்தாக்களை நினைவு வைத்திருக்கிறவர்களும் உண்டு. அந்தக் காலத்தில் டேப் ரிக்கார்டருக்குத் துறைத் தலைவரிடம் கையெழுத்து வாங்கவேண்டும். இன்று உங்கள் எல்லோர் பையிலும் செல்போன் இருக்கிறது. வரும் ஒன்றிப்பு வாரத்துக்குள் நாலு பேரையாவது பதிவு செய்து துறையில் ஒப்படையுங்கள். பாட்டிக்கு வெற்றிலைச் செலவு நம் சங்கத்தினுடையது, பொருளாளரிடம் பேசிவிட்டேன்.